தூரிகைப் பதில்கள்: கூடை பின்னும் அப்பத்தா

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு 81 வயது. ஒயர் கூடை பின்னாமல் அவருக்குப் பொழுது போகாது. அவரை வாட்டர் கலரில் வரைய ஆசைப்படுகிறேன். அசையாமல் உட்காரச் சொன்னால் முகம் இறுகிவிடுகிறது. செல்போனில் படம் எடுத்து வரைந்தால், சுருக்கங்கள் அழுக்குப் படிந்ததுபோல் தெரிகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: முதலில் கூடையை அப்பத்தாவின் கையில் கொடுத்துவிடுங்கள், சகோதரி. அவர் பின்னட்டும், நீங்கள் வரையுங்கள். ஒயரை மடிப்பது, நுழைப்பது, இழுத்து இறுக்குவது என்று கூடை பின்னும் கைக்கு ஒரு சுற்று உண்டு. சிவன் கண் முடிச்சோ நெல்லிக்காய் முடிச்சோ, ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும்போது விரல்கள் பழைய நிலைக்கே வந்து சேரும். ஆகவே ஒரே தாளில் மூன்று இடங்களில் கைகளைப் பென்சிலால் தொடங்கிவையுங்கள். இழுக்கும் கை வரும்போது அந்தப் படத்தில் இரண்டு கோடு, நுழைக்கும் கை வரும்போது மற்றதில் இரண்டு கோடு. அரை மணி நேரத்தில் மூன்றும் உருவாகிவிடும். நன்றாக அமைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

முகம் குனிந்தே இருக்கட்டும். டச்சு ஓவியர் வெர்மீரின் ‘லேஸ் பின்னும் பெண்’ பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 24 செ.மீ. உயரமே உள்ள சின்னப் படம். அவள் நம்மைப் பார்ப்பதே இல்லை. விரல்களுக்கிடையே இருக்கும் நூல் துல்லியமாகவும், முன்னால் வழியும் சிவப்பு, வெள்ளை நூல்கள் கலங்கலாகவும் தெரியும். நீங்களும் முடிச்சைக் கூர்மையாக வரைந்து, மடியில் கிடக்கும் ஒயர் கட்டை ஈரத்தில் கரையவிடலாம்.

சுருக்கத்துக்கு வருகிறேன். செல்போன் ஃபிளாஷ் நேராக அடிப்பதால் முகத்தின் மேடுபள்ளம் மறைந்து கோடுகள் மட்டும் எஞ்சுகின்றன. அப்பத்தாவை முற்றத்தின் ஓரத்தில், ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி உட்காரவையுங்கள். ஒவ்வொரு சுருக்கமும் ஒரு மடிப்பு. அதன் ஒரு விளிம்பை அழுத்தமாக நிறுத்தி, மறு விளிம்பை ஈரத் தூரிகையால் கரைத்துவிடுங்கள். நிழலுக்குக் கறுப்பைத் தொடவே வேண்டாம். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தில் துளி அல்ட்ராமரின் நீலம் போதும். முதல் பூச்சு முழுதும் காயாமல் அடுத்ததைப் போட்டுத் தேய்ப்பதும் அழுக்காகத் தெரிய ஒரு காரணம். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த தாள் வாங்குங்கள், ஈரத்தைத் தாங்கும். நரைத்த முடிக்கு வெள்ளை வண்ணம் வேண்டாம், தாளின் வெண்மையையே விட்டுவையுங்கள்.

ஒரு வேண்டுகோள்: அவரை இளமையாக்கிவிடாதீர்கள். ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1514இல் தம் 63 வயது அம்மாவைக் கரித்துண்டால் வரைந்தார். குழிந்த கன்னத்தையும் நரம்போடிய கழுத்தையும் அவர் மழுப்பவில்லை. அந்தப் படத்தின் முன்னால் என்னால் சட்டென்று பக்கம் புரட்ட முடிந்ததே இல்லை.

கூடையின் நிறத்தை அப்பத்தாவே தேர்ந்தெடுக்கட்டும். அவர் சிவப்பு ஒயர் எடுத்தால் அதன் சாயல் தாடையின் அடியிலும் உள்ளங்கையிலும் விழும். அதையும் மெலிதாகப் பூசிவிடுங்கள்.