மகள் நிதி ஆலோசகர் ஆகட்டும், வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

படிப்பு, வேலை பற்றிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் என்னிடம், கரூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒரு தந்தை போன வாரம் மனைவியோடும் மகளோடும் வந்திருந்தார். மகள் பி.காம். கடைசி வருடம். எம்.பி.ஏ. வேண்டாம், சி.ஏ.வும் வேண்டாம், குடும்பங்களுக்குப் பண விஷயத்தில் வழிகாட்டும் வேலையைச் சொந்தமாகச் செய்யப்போகிறேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்களாம். “இதெல்லாம் ஒரு வேலையா சார்?” என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே கவலையோடு இன்னும் பல வீடுகள் இருக்கின்றன.

ஐயா, உங்கள் பயம் நியாயமானதுதான். மாதச் சம்பளம் இல்லாத வேலை, ஊரில் யாரும் கேள்விப்படாத வேலை. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்தாக நீங்கள் எடுத்திருக்கும் முடிவு, பயத்தைவிட ஆபத்தானது. வீட்டை அடமானம் வைத்து, நிர்வாக ஒதுக்கீட்டில் 18 லட்சம் கட்டி, அவளுக்கு விருப்பமே இல்லாத எம்.பி.ஏ.வில் சேர்ப்பதாகச் சொன்னீர்கள். கணக்கைப் பாருங்கள். 18 லட்சத்துக்கு 10.5 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 24,300 ரூபாய். மொத்தம் 29 லட்சத்துக்கு மேல் கட்டுவீர்கள். படிக்கும் இரண்டு வருடத்து வட்டி இதில் இல்லை. சுமாரான கல்லூரியில் எம்.பி.ஏ. முடித்து வரும் பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் சம்பளத்தில், இந்தத் தவணை போக என்ன மிஞ்சும்? நல்ல நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு முன்னணிக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தால் வேறு பேச்சு. இது அப்படியல்ல. இந்தக் கடனை வாங்காதீர்கள்.

கோவையில் ஆடிட்டராக இருக்கும் உங்கள் மைத்துனர் சி.ஏ.தான் என்று பிடிவாதமாக இருக்கிறார். இன்டர் தேர்வை ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு, தணிக்கை வேலை எனக்கு ஒத்துவராது என்று அவளே தெளிவாகச் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அவளை நெருக்க யாருக்கும் உரிமையில்லை, மாமா உட்பட.

என்னை யோசிக்க வைத்தது அவள் கையில் கொண்டுவந்திருந்த நோட்டுதான். உங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் ஓர் அக்கா தண்டல் வாங்கியிருக்கிறார். கையில் வந்தது 8,500, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐநூறுதானே, பதினைந்து சதவீத வட்டி” என்று அந்த அக்கா நினைத்திருக்கிறார். அசல் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வருவதையும், காலம் நூறே நாள் என்பதையும் சேர்த்து உங்கள் மகள் கணக்குப் போட்டிருக்கிறாள். ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தொடுகிறது. அதோடு நிற்கவில்லை. அந்த அக்காவின் கம்மலைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைக்கச் சொல்லி, தண்டலை முழுதாக அடைக்க வைத்து, மிச்சமாகும் பணத்தில் நகையை மீட்கும் தேதிவரை எழுதிக் கொடுத்திருக்கிறாள். யாரும் சொல்லித்தராமல், காசு வாங்காமல் செய்திருக்கிறாள். ஒரு பிள்ளையின் நாட்டம் எது என்று கண்டுபிடிக்க நாங்கள் வைக்கும் எந்தத் தேர்வும் இதைவிடத் துல்லியமாகச் சொல்லாது.

இனி அந்த வேலையைப் பார்ப்போம். நம் ஊரில் பண விஷயத்தில் ஆலோசனை சொல்பவர்கள் பெரும்பாலும் எதையாவது விற்பவர்கள். பாலிசி விற்றால் கமிஷன், ஃபண்டு விற்றால் கமிஷன். மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர்கள் நாடு முழுவதும் லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். வாடிக்கையாளரிடம் மட்டும் கட்டணம் வாங்கி, எந்த நிறுவனத்திடமும் கமிஷன் வாங்காமல் ஆலோசனை சொல்ல, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியில் பதிவு செய்தவர்கள் சுமார் ஆயிரம் பேர்தான். 140 கோடிப் பேர் உள்ள நாட்டில் ஆயிரம் பேர். தமிழில் பேசி, சின்ன ஊர்களில் உட்கார்ந்து செய்பவர்கள் அதிலும் மிகச் சொற்பம். உங்கள் மகள் நிற்க நினைக்கும் இடம் இதுதான்.

இதற்கான கதவு சமீபத்தில்தான் அகலமாகத் திறந்தது. 2013-ல் வந்த முதலீட்டு ஆலோசகர் விதிகளை 2020-ல் இறுக்கியபோது, முதுநிலைப் பட்டமும் ஐந்து வருட அனுபவமும் கட்டாயமாக இருந்தன. தனிநபர்கூட 5 லட்சம் நிகர சொத்து, அதாவது கடன் போக மிஞ்சும் சொத்து, காட்ட வேண்டியிருந்தது. 2024 டிசம்பர் திருத்தத்தில் மூன்றுமே போய்விட்டன. பி.காம். பட்டம் போதும். நிகர சொத்துக்குப் பதிலாக, 150 வாடிக்கையாளர்கள் வரை உள்ளவர்கள் 1 லட்சம் ரூபாயை வைப்புத்தொகையாகக் காட்டினால் சரி. அது செலவு அல்ல, உங்கள் மகள் பெயரில் வட்டியோடு வங்கியில் கிடக்கும். தொழிலில் இருக்கும்வரை எடுக்க முடியாது, அவ்வளவுதான். செபி அமைத்த பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் 10-ஏ, 10-பி என்ற இரண்டு தேர்வுகளில் தேற வேண்டும். தலா 60 சதவீதம் எடுக்க வேண்டும், தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். அதற்கு முன் கல்லூரியில் இருக்கும்போதே மியூச்சுவல் ஃபண்டுக்கான 5-ஏ தேர்வை எழுதச் சொல்லியிருக்கிறேன், அடிப்படை பலமாகும். மூன்றுக்கும் சேர்த்துக் கட்டணம் பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். 18 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதிவு கிடைத்த பிறகு கடமைகள் உண்டு. ஒவ்வொரு குடும்பத்தோடும் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். அவர்களால் எவ்வளவு நஷ்டத்தைத் தாங்க முடியும் என்று மதிப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஆவணங்களை ஐந்து வருடம் பாதுகாக்க வேண்டும். வருடம் ஒருமுறை தணிக்கை உண்டு. (மைத்துனரின் ஆடிட்டர் நண்பர்கள் யாராவது அங்கே உதவட்டும்.) ஆலோசனை சொல்லும் குடும்பத்திடமே பாலிசி விற்றுக் கமிஷனும் வாங்க முடியாது. உங்கள் அண்ணன் “முதல்ல நம்ம சொந்தக்காரங்களுக்குப் பாலிசி போட்டுக் கொடு” என்றாராமே, அதற்கு இப்போதே இல்லை என்று சொல்லிவிடுங்கள். அந்த வழியில் ஒருமுறை போனால், அவள் என்ன சொன்னாலும் ‘கமிஷனுக்காகச் சொல்கிறாள்’ என்றுதான் சொந்தமே பேசும்.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று உங்கள் மனைவி கேட்டார். ஒரு தம்பதி வருகிறார்கள் என்று வையுங்கள். கணவரை மட்டும் பார்த்து அனுப்பக் கூடாது, இருவரும் உட்கார வேண்டும். சம்பளச் சீட்டு, நகை அடகு ரசீது, சீட்டுப் பாஸ்புக், பாலிசி பத்திரங்கள், கிரெடிட் கார்டு பில், மூன்று மாத வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் மேசையில் பரப்பச் சொல்வாள். கடன்களை வட்டி அதிகமானதிலிருந்து வரிசைப்படுத்துவாள். கிரெடிட் கார்டில் மாதம் மூன்றரை சதவீதம் ஓடிக்கொண்டிருக்க, அதே வீட்டில் 5, 6 சதவீதம்கூடத் தேறாத, சேமிப்பும் காப்பீடும் கலந்த எண்டோமென்ட் பாலிசிக்குப் பிரீமியம் போய்க்கொண்டிருக்கும். இதைப் பல வீடுகளில் பார்க்கலாம். பிறகு ஆறு மாதச் செலவுக்குக் கைப்பணம், சம்பாதிப்பவருக்கு டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு), மருத்துவக் காப்பீடு, எல்லாக் கணக்கிலும் நாமினி பெயர். இவ்வளவும் முடிந்த பிறகுதான் முதலீட்டுப் பேச்சே வரும். அந்தப் பணமும் வாடிக்கையாளர் கணக்கிலிருந்து நேராக அவர் பெயரிலேயே போகும். 2013-லிருந்து மியூச்சுவல் ஃபண்டுகளில் கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டங்கள் இருப்பதால் இது எளிது. வாடிக்கையாளரின் ஒரு ரூபாய்கூட அவள் கணக்கைத் தொடக் கூடாது. இந்த ஒரு விதியில் அவள் தளர்ந்தால், தொழிலை அன்றே மூடிவிடச் சொல்வேன்.

திட்டம் எழுதிக் கொடுத்ததோடு வேலை முடியாது. மாதம் ஒருமுறை அரைமணி நேரம் பேசி, சொன்னதைச் செய்தார்களா, எங்கே தடுமாறினார்கள் என்று பார்க்க வேண்டும். தீபாவளிக்கு, மாமியார் வைத்தியத்துக்கு, தங்கை சீருக்கு என்று திட்டம் உடையும். திட்டாமல், சலிக்காமல் மறுபடி கட்ட வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை ஆகாது. உங்கள் மகளிடம் அது இருக்கிறது.

வருமானத்தில் நான் பொய் நம்பிக்கை தர மாட்டேன். 21 வயதுப் பெண்ணிடம் யாரும் உடனே குடும்பக் கணக்கைத் திறந்து காட்ட மாட்டார்கள். படிப்பு முடிந்ததும் பதிவு பெற்ற ஓர் ஆலோசகரின் அலுவலகத்தில் இரண்டு, மூன்று வருடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கட்டும். அது அமையாவிட்டால், ரிசர்வ் வங்கி 2017-ல் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய நிதி எழுத்தறிவு மையங்களில் விசாரிக்கட்டும். கிராமம் கிராமமாகப் போய்ப் பேசும் பயிற்சி அங்கே கிடைக்கும். அதன் பிறகு சொந்தமாகத் தொடங்கினால், முதல் வருடம் பத்துக் குடும்பம் வந்தாலே நல்லது. குடும்பத்துக்கு 12,000 என்று வைத்தால் 1,20,000 ரூபாய். நாற்பது குடும்பம் ஆகும்போது 4,80,000. அங்கே போய்ச் சேர மூன்று, நான்கு வருடம் ஆகலாம். அதுவரை அவள் வீட்டில் சாப்பிடுவாள், கடன் இருக்காது. இதற்காக நீங்கள் ஒதுக்க வேண்டியது வைப்புத்தொகையும் சேர்த்து 3 லட்சம்.

இன்னொன்றையும் அவள் எதிரிலேயே சொன்னேன். பதிவு இல்லாமல் வரவுசெலவும் கடனும் பற்றி மட்டும் வழிகாட்டலாம். எந்தப் பங்கை, எந்த ஃபண்டை வாங்கலாம் என்று காசு வாங்கிக்கொண்டு சொன்னால் சட்டப்படி குற்றம். டெலிகிராமில் டிப்ஸ் குழு, இன்ஸ்டாகிராமில் ‘உறுதியான லாபம்’ என்று அவள் இறங்கினால், உங்களுக்கு முன் நான் எதிர்ப்பேன். கல்வி என்ற பெயரில் நடந்த பங்கு வகுப்புகளையே 2025 ஜனவரியில் செபி கட்டுப்படுத்தியது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பங்கு விலையை வகுப்பில் பயன்படுத்தக் கூடாது என்று அப்போது சொன்னது.

மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். செபி பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் என்று சொல்லுங்கள். பெண்ணின் தொழிலைக் குறைவாக நினைக்கும் வீட்டுக்கு, 29 லட்சம் கட்டித் தீர்க்க வேண்டிய கடனோடு அவளை அனுப்ப நினைக்காதீர்கள்.

வங்கியில் அடமான விண்ணப்பம் கொடுப்பதை நிறுத்திவையுங்கள். கடைசி செமஸ்டர் முடிவதற்கு முன்பே அவளோடு உட்கார்ந்து 5-ஏ தேர்வுக்கு நாள் குறியுங்கள். அதற்குள் உங்கள் கடையின் ஒரு வருடக் கணக்கையும், வீட்டில் இருக்கும் எல்லாப் பாலிசியையும் அவளிடம் கொடுத்து, தம்பதியாக எதிரில் உட்காருங்கள். கட்டணமும் கொடுங்கள்.