மருத்துவராகவோ பொறியாளராகவோ ஆகப்போகாத பிள்ளைக்கு அறிவியல் கல்வி எதற்கு?

நான் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்திலுள்ள செங்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆகவே இந்தக் கேள்வி என்னைப் பற்றியதும்தான்.

எட்டாம் வகுப்பில் ‘மழை மறைவுப் பகுதி’ என்பதற்கான விளக்கத்தை மனப்பாடம் செய்து எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அது என் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பற்றிய செய்தி என்பது மறு ஆண்டு வந்த ஆசிரியர் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. அவர் சைக்கிள் பம்பை அழுத்தி அதன் அடிப்பகுதியைத் தொடச் சொன்னார், சுட்டது. டியூபிலிருந்து பீறிட்ட காற்றில் விரலை வைக்கச் சொன்னார், குளிர்ந்தது. அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையேறும்போது அழுத்தம் குறைந்து, விரிந்து, குளிர்வதால் நீராவி மேகமாகிக் கேரளப் பக்கமே பெரும்பாலும் கொட்டிவிடுகிறது என்றும், மிஞ்சிய காற்று நம் பக்கம் இறங்கும்போது அமுங்கி, ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி வரை சூடேறுவதால் மேகம் கலைந்துவிடுகிறது என்றும் விளக்கினார். பிறகு, “மலைதான் மழையைத் தடுக்கிறது என்றால், மலை தாழ்ந்த இடத்தில் என்ன நடக்க வேண்டும்?” என்று கேட்டார். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் சாரல் அதற்கு விடையாக எங்கள் கண்முன்னேயே இருந்தது.

ஒரு விளக்கம் உண்மையானால் அதனால் வேறு என்ன தென்பட வேண்டும் என்று கேட்கும் இந்தப் பழக்கத்தையே நான் அறிவியல் கல்வி என்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பெரியப்பாவைத் தென்னந்தோப்பில் பாம்பு கடித்தது. கடிவாயில் வைத்தால் நஞ்சை உறிஞ்சிவிடும் என்று நம்பப்படும் விஷக்கல்லை வைப்பவரிடம் போகலாம் என்றே வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவரிடம் போன பலர் பிழைத்ததும் பொய்யில்லை. ஆனால் பாம்பு வகைகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நஞ்சுள்ளவையும் சில வேளைகளில் நஞ்சை இறக்காமலே கடிப்பதுண்டு. அப்படியானால், கல் வைக்காமலே பிழைத்திருக்கக்கூடியவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்ற கேள்வி எனக்கு எழுந்தது. கடிபட்ட காலை அசையவிடாமல் நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே சிறிது ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தார்கள், உறையவில்லை. ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் விரியன் பாம்பின் நஞ்சு ஏறியிருந்தது. உடனே நஞ்சுமுறி மருந்து ஏற்றினார்கள், பெரியப்பா பிழைத்தார்.

அந்த ஆசிரியர் பாம்பைப் பற்றி எங்களுக்கு ஒரு வரிகூட நடத்தியதில்லை.