வளாகத் தோட்டத்துக் கீரையை விற்றுத் தொழில் தொடங்கலாமா?

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் வாசகர் ஒருவர், மண்ணில்லாமல் உரக்கரைசலில் பயிர் வளர்க்கும் வளாக நீரியல் வளர்ப்புத் தோட்டத்தில் தாமும் இரு நண்பர்களும் விளைவிக்கும் கீரையை விற்க விரும்புவதாகவும், முதலில் நிறுவனத்தைப் பதிவு செய்யவேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

பதிவுதான் இதில் மிக எளிதான வேலை. 18 வயது நிரம்பிய குடிமகன், கணக்கியல், நிறுவன ஒழுங்குமுறை ஆணையத்தின் பிஸ்ஃபைல் தளத்தில் ஓராண்டுக்குத் தனிநபர் வணிகம் பதிவு செய்ய 115 வெள்ளி போதும். அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே தனியாக வணிகம் செய்தால் அந்தப் பதிவும் தேவையில்லை. எனவே அதை ஒத்திப்போட்டு, கீரை யாருடையது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இடம், தண்ணீர், மின்சாரம், விதை எல்லாம் கல்லூரியுடையவை என்றால் விளைச்சலும் பெரும்பாலும் கல்லூரிக்கே உரியது. விற்பதற்கான அனுமதியையும் வருவாய்ப் பங்கீட்டையும் துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. விற்பனைக்காகப் பயிரிடும் பண்ணைகளுக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் வேண்டும். பாடத்திற்கென அமைந்த தோட்டத்திற்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதைக் கல்லூரி வழியாகவே அமைப்பிடம் கேளுங்கள். கீரையை நறுக்கிச் சாலட்டாகவோ அரைத்துத் துவையலாகவோ விற்க நினைத்தால் அது உணவு தயாரிப்பாகிவிடும். அதன் விதிமுறைகள் வேறு. நண்பர்களில் யாரேனும் மாணவர் அனுமதி அட்டையில் இருக்கும் வெளிநாட்டவர் என்றால், அவர் காசு வாங்கும் வேலை எதிலும் இறங்குமுன் மனிதவள அமைச்சின் விதிகளைப் பார்த்தே ஆகவேண்டும்.

இனி கணக்கு. வளாகத் தோட்டத்தில் எல்லாக் கீரையும் லாபமாகத்தான் தெரியும், ஏனெனில் வாடகையும் மின்கட்டணமும் உங்கள் கண்ணில் படுவதில்லை. எடுத்துக்காட்டாக, 200 வாட் எல்இடி விளக்குள்ள ஒரு செடி அடுக்கு நாளுக்கு 16 மணி நேரம் எரிந்தால் 3.2 கிலோவாட் மணி ஆகிறது. 30 நாளில் அது 96. ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 30 காசு என்று வைத்துக்கொண்டால் மின்சாரத்துக்கு மட்டும் 29 வெள்ளி. அந்த அடுக்கு அதே 30 நாளில் சாய் சிம் என்னும் சீனக் கீரை 6 கிலோ தந்தால், 200 கிராம் பொட்டலம் ஒன்றில் 96 காசு விளக்குக்கே போய்விடுகிறது. உரக்கரைசல், பை, போக்குவரத்து, மூவரின் உழைப்பு எதுவும் இன்னும் சேரவில்லை. மலேசியாவிலிருந்து லாரியில் வரும் கீரையோடு விலையில் மோதுவது, பெரிய முதலீடு போட்ட பண்ணைகளையே திணறடித்த வழி.

ஆகவே சாய் சிம்மை விட்டுவிட்டு, பயணத்தைத் தாங்காத கீரையைப் பாருங்கள். லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தையில் பிற்பகலில் ஒரு வெந்தயக்கீரைக் கட்டைப் பிரித்தால், நடுவிலுள்ள இலைகள் கசங்கி மஞ்சளித்திருப்பதைக் காணலாம். வாங்குபவர் பாதியைக் கிள்ளி எறிகிறார். வேரோடு, காலையில் பறித்த வெந்தயக்கீரை, முளைக்கீரை, புதினா ஆகியவற்றுக்குக் கூடுதல் விலை தர ஒரு சைவ உணவகமோ ஓர் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவோ முன்வருமா என்பதை விதைக்குமுன்பே கேட்டு, வாராந்தர அளவை உறுதி செய்துகொள்ளுங்கள். தேர்வு வாரங்களிலும் விடுமுறையிலும் தோட்டத்தைப் பார்ப்பவர் யார் என்பதும் அந்தப் பேச்சிலேயே முடிவாகவேண்டும்.

என்னைக் கேட்டால், கீரையைவிட உங்கள் கைத்திறனே விலை போகும் சரக்கு. 2012இல் தொடங்கிய எடிபிள் கார்டன் சிட்டி என்னும் சிங்கப்பூர் நிறுவனம், விளைச்சலை விற்பதோடு நிற்காமல் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் தோட்டம் அமைத்துப் பராமரித்துத் தருவதையும் தொழிலாக்கியது. நீங்களும் தொடக்கப்பள்ளிகளுக்குச் சிறு நீரியல் அடுக்கு அமைத்து, மாதந்தோறும் கரைசலின் அமிலத்தன்மையை (pH அளவை) 5.5க்கும் 6.5க்கும் இடையில் வைத்துத் தரும் சேவையைத் தொடங்கலாம். வாடகை இல்லை, வாடும் சரக்கும் இல்லை. இரண்டு பள்ளிகள் சம்மதித்தபின், முதல்முறைத் தொழில்முனைவோருக்கான என்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்னும் அரசு அமைப்பின் ஸ்டார்ட்அப் எஸ்ஜி ஃபவுண்டர் திட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று விசாரியுங்கள். பதிவுக் கட்டணத்தையும் அப்போது கட்டினால் போதும்.