ராசாத்தி திருந்தத்தான் வேண்டுமா?

கேள்வி: முதல் நாவலை எழுதி முடிக்கப் போகிறேன். நாயகி ராசாத்தி, விடியற்காலையில் கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத்து வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஆள் கூட்டிப் போகிறவள். கெட்டிக்காரி, வாயாடி. ஆனால் கூலியில் கை வைப்பாள், சொந்தத் தங்கச்சியையே ஏமாற்றுவாள். படித்துப் பார்த்த என் அத்தை, “இவளா கதாநாயகி? கடைசியிலாவது திருந்தட்டும்” என்கிறார். எனக்கோ அவளை ரொம்பப் பிடிக்கும். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: தாராளமாகப் பிடிக்கட்டும். தன்னைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காத ஒரு நாயகியை எழுதப் போவதாக ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் சொன்னார் என்று அவருடைய அண்ணன் மகன் எழுதி வைத்திருக்கிறார். அந்த நாயகிதான் எம்மா. அவள் பெயரிலேயே 1815 டிசம்பரில் வந்த நாவல், இன்றும் வாசகர்கள் விடவில்லை.

நீங்கள் அனுப்பிய இரண்டு அத்தியாயங்களில் ராசாத்தியின் தப்புகள் என்னை உறுத்தவில்லை. ஒவ்வொரு தப்புக்கும் பின்னாலேயே நீங்கள் ஓடிவந்து வக்காலத்து வாங்குவதுதான் உறுத்துகிறது. கூலியில் ஐம்பது ரூபாயை அமுக்குகிறாள்; அடுத்த பத்தியிலேயே சின்ன வயதுப் பட்டினி. தங்கச்சி நகையை அடகு வைக்கிறாள். உடனே குடிகாரப் புருஷன்.

எம்மாவும் தாயில்லாப் பிள்ளைதான். ஆரம்பத்திலேயே அது வந்துவிடுகிறது. ஆனால் பாக்ஸ் ஹில் மலைக்குப் போன இடத்தில், நொடித்துப்போன குடும்பத்து மிஸ் பேட்ஸை அத்தனை பேர் முன்னால் அவள் கிண்டலடிக்கும்போது, ஆஸ்டின் அந்தச் சாக்கை எடுத்து நீட்டுவதில்லை. மிஸ் பேட்ஸுக்குக் கிண்டல் உடனே புரிவதுகூட இல்லை. புரிந்ததும் முகம் சிவந்து, பழைய சிநேகிதியே இப்படிச் சொல்கிறாள் என்றால் நான்தான் தொந்தரவாக இருந்திருப்பேன் என்கிறாள். படிக்கிற நமக்கு எம்மா மேல் கோபம் வருகிறது. வரட்டும் என்றுதான் ஆஸ்டின் விட்டிருக்கிறார்.

உங்கள் கதையில் ஐம்பது ரூபாய் போனவளுக்குப் பெயரே இல்லை. ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு படர்ந்த சரத்தில் காய்ப்பது. நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் எடுத்தவள் அவள். சம்பளத்தை எண்ணிப் பார்க்கிறாள், குறைகிறது. கேட்டால் நாளைக்கு ஜீப்பில் இடம் இருக்காது. மெட்டு இறங்கும்போது ராசாத்தி ஏதோ சொல்ல, ஜீப்பே சிரிக்கிறது. இவளும் சேர்ந்து சிரிக்கிறாள். இதை எழுதுங்கள். ராசாத்தியின் கவர்ச்சியும் கயமையும் அந்த ஒரே சிரிப்பில் வந்துவிடும். பட்டினிக் கதையை அப்புறம் எங்கேயாவது, யாரும் கேட்காத நேரத்தில், இரண்டு வரியில் சொல்லிக்கொள்ளலாம்.

திருந்துவது? எம்மா மறுநாள் காலையிலேயே மிஸ் பேட்ஸ் வீட்டுக்குப் போகிறாள். அது அவள் சுபாவம். நீங்கள் காட்டியிருக்கும் ராசாத்தி மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. மறுநாள் அந்தப் பெண்ணை முன்சீட்டில் உட்கார வைப்பாள், ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுப்பாள், அடுத்த வாரம் வேறொருத்தி கூலியில் கை வைப்பாள். அத்தைக்காக அவளைக் கடைசி அத்தியாயத்தில் கோயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

குடிகாரப் புருஷனை எடுத்துவிடுங்கள். தங்கச்சி அத்தியாயத்தைத் தங்கச்சி பக்கமிருந்து ஒருமுறை எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ராசாத்தியைப் பிடித்திருந்தால், அத்தையிடம் மறுபடி படிக்கக் கொடுக்கலாம்.