பாமாயில் இறக்குமதி குறைந்தால் தேவை குறைந்துவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி: சமையல் எண்ணெயை மொத்தமாக வாங்கி பாக்கெட் போட்டு விற்கும் நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். தெற்காசியாவின் பாமாயில் இறக்குமதிப் போக்கு பற்றி அறிக்கை கேட்டிருக்கிறார்கள். இந்தியாவின் இறக்குமதி ஒரே ஆண்டில் பெரிதாகச் சரிந்திருக்கிறது. இதை வைத்து அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்த அளவைக் குறைக்கச் சொல்லலாமா? இரண்டு இடங்களில் எடுத்த புள்ளிவிவரங்களும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

பதில்: இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக் குறைக்கச் சொல்லாதீர்கள். பாமாயிலைத் தனியாகப் பார்ப்பதால்தான் சரிவு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

இந்திய எண்ணெய் ஆண்டு நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும். 2023-24இல் சுமார் 90 லட்சம் டன்னாக இருந்த பாமாயில் இறக்குமதி, 2024-25இல் சுமார் 76 லட்சம் டன்னாகக் குறைந்தது. அதே காலத்தில் சோயா எண்ணெய் சுமார் 34 லட்சம் டன்னிலிருந்து 55 லட்சம் டன்னுக்கு ஏறியது. மொத்த சமையல் எண்ணெய் இறக்குமதியோ இரண்டு ஆண்டுகளிலும் 160 லட்சம் டன்னை ஒட்டியே நின்றது. ஆக, அடுப்படியில் எண்ணெய்ப் பயன்பாடு குறையவில்லை, வாங்கிய எண்ணெய்தான் மாறியது.

மாறியதற்குக் காரணம் விலை. வழக்கமாக சோயாவைவிட பாமாயில் மலிவு. அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில் அது தலைகீழானது. இந்தோனேசியாவும் மலேசியாவும் சேர்ந்துதான் உலக பாமாயிலில் சுமார் 85 சதவீதத்தைத் தருகின்றன. அங்கே விளைச்சல் சுணங்க, இந்தோனேசியா 2025இல் டீசலில் 40 சதவீதம் பாமாயில் சார்ந்த எரிபொருளைக் கலக்கும் திட்டத்துக்குப் போனது. ஏற்றுமதிக்கு மிஞ்சும் சரக்கு இறுகியதும் விலை ஏறிவிட்டது. எனவே உங்கள் அறிக்கையில் டன் கணக்குக்குப் பக்கத்திலேயே பாமாயிலுக்கும் சோயாவுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மாதவாரியாகப் போடுங்கள். நான் முதலில் பார்ப்பது அந்த வரிசையைத்தான்.

மாத எண்களில் இன்னொரு சிக்கல் உண்டு. தென்கிழக்காசியாவிலிருந்து பாமாயில் கப்பல் இந்தியத் துறைமுகத்துக்கு ஒன்றிரண்டு வாரத்தில் வந்துவிடும். அர்ஜென்டினாவிலிருந்து சோயா வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் சுத்திகரிப்பாளர்கள் சோயாவை முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு, பற்றாக்குறையை பாமாயிலால் கடைசி நேரத்தில் நிரப்புவார்கள். பாமாயில் குளிரில் உறையும் என்பதால் பனிக்காலத்தில் வாங்குவது தணியும், தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் எகிறும். ஒரு மாதத்தை முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், துறைமுக இருப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

வரியை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நிறுவனம் வாங்குவது கச்சா (அதாவது சுத்திகரிக்காத) சமையல் எண்ணெயா, சுத்திகரித்த எண்ணெயா என்பதைப் பொறுத்துப் பாதிப்பு மாறும். 2024 செப்டம்பரில் இந்தியா கச்சா எண்ணெய்க்கான மொத்த வரியை 5.5லிருந்து 27.5 சதவீதமாகவும், சுத்திகரித்ததற்கு 13.75லிருந்து 35.75 சதவீதமாகவும் உயர்த்தியது. இரண்டுக்கும் இடைவெளி அப்போதும் 8.25 புள்ளிதான். 2025 மே இறுதியில் கச்சா எண்ணெய் வரி மட்டும் 16.5 சதவீதமாக இறங்கியது. டன் 1000 டாலர் என்று வைத்துக்கொண்டால், கச்சாவுக்கு 165 டாலர், சுத்திகரித்ததற்கு 357.50 டாலர் வரி. இடைவெளி 82.50லிருந்து 192.50 டாலராகிவிட்டது. அதற்குப் பிறகு சுத்திகரித்த பாமோலின் (பாமாயிலின் திரவப் பகுதி) வரத்து வெகுவாகச் சுருங்கி, கச்சா அந்த இடத்தைப் பிடித்தது. இரண்டையும் கூட்டி ஒரே கோடாக வரைந்தால் இந்தத் திருப்பம் கண்ணில் படாது.

தெற்காசியா என்று எழுதும்போது நேபாளத்தைக் கவனமாகக் கையாளுங்கள். அங்கே வந்திறங்கும் கச்சா சோயா எண்ணெயில் பெரும்பங்கு சுத்திகரிக்கப்பட்டு, வர்த்தக ஒப்பந்தச் சலுகையால் வரியில்லாமல் இந்தியாவுக்குள் வருகிறது. இந்தியா வரியை உயர்த்தியதும் இந்த வழி சூடுபிடித்தது. நேபாள இறக்குமதியை நேபாள நுகர்வு என்று எழுதினால் தவறு, இந்திய இறக்குமதியோடு அப்படியே கூட்டினால் ஒரே எண்ணெய் இரண்டு முறை கணக்கில் ஏறும். ஐரோப்பாவுக்கு நெதர்லாந்தும் இப்படித்தான். அங்குள்ள ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்குவதில் கணிசமான பங்கு அண்டை நாடுகளுக்குப் போகிறது.

புள்ளிவிவரம் ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் யாருடைய பிழையும் காரணமல்ல. எண்ணெய்த் தொழில் நிறுவனங்களின் சங்கம் கணக்கிடும் ஆண்டு நவம்பரில் தொடங்குகிறது, இந்திய அரசின் நிதியாண்டு ஏப்ரலில், அமெரிக்க வேளாண் துறையின் பாமாயில் ஆண்டு அக்டோபரில். சுங்கப் பட்டியலில் பாமாயிலின் குறியீட்டு எண் 1511. பனைக்கொட்டை எண்ணெய் 1513இல் தேங்காய் எண்ணெயோடு நிற்கிறது. சில அட்டவணைகள் அதையும் பாமாயிலில் சேர்த்துவிடும். ஒரே மூலத்தின் மாத எண்களை எடுத்து உங்களுக்கு வேண்டிய ஆண்டுக்கு நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, மொத்த எண்ணெய் அளவைக் குறைக்காமல், பாமாயிலுக்கும் சோயாவுக்கும் இடையே மாற்றிக்கொள்ளும் பங்கு எவ்வளவு என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் பொரிப்புக்கு வாங்குபவர்கள் சட்டென்று எண்ணெய் மாற்ற மாட்டார்கள், அவர்களுடைய அளவைத் தொடாதீர்கள். மாற்றத் தயாராக இருப்பவர்களின் பங்கை மட்டும் காலாண்டு ஒப்பந்தமாக வைத்துக்கொள்ளலாம்.