முயல் வேட்டைக்குச் சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான நாய்களையே வளர்த்தது ஏன்?

விடை முயலின் இயல்பிலேயே இருக்கிறது. பிடரியில் கருந்திட்டு கொண்ட நம் காட்டு முயல், ஐரோப்பியக் குழிமுயலைப் போல வளை தோண்டி வாழ்வதில்லை. புல்லடியிலோ புதரடியிலோ ஒரு சிறு பள்ளத்தில் அசையாமல் பதுங்கியிருந்து, ஆபத்து மிக நெருங்கிய பிறகே வெட்டவெளியில் பாய்ந்து, திடீர் திடீரெனத் திசை மாற்றி ஓடும். ஆகவே தென்மாவட்டங்களின் கரிசல் நிலத்தில், மோப்பம் பிடித்து நிதானமாகத் தடம் தொடரும் பீகிள் போன்ற நாயைவிட, கண்ணால் கண்டவுடன் துரத்தும் நாயே பயன்பட்டது. ஆழ்ந்த மார்பு பெரிய நுரையீரலுக்கு இடம் தருகிறது. ஒட்டிய வயிறும் வளைந்து நிமிரும் முதுகும் ஒவ்வொரு பாய்ச்சலையும் நீட்டுகின்றன. நீண்ட வால் திரும்பும்போது உடலின் சமநிலையைக் காக்கிறது.

இவை அனைத்தும் பழைய வழக்கத்தின் விளக்கமே. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் வரையறையில், கொல்வது மட்டுமன்றி, நாயை விட்டுத் துரத்துவதும் பிடிக்க முயல்வதும் அடங்கும். முயல் தப்பிவிட்டாலும் குற்றம் குற்றமே என்பதை நாய் வளர்ப்போர் பலர் அறிந்திருக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அந்த நாய்க்குத் தேவையானது ஓட்டம். வேலியிட்ட திறந்தவெளியில் தினமும் ஓடவிட்டால் அது நிறைவடையும்.