கடல் கொந்தளித்த நாளுக்கும் படகு வாடகையா?

கேள்வி: புறாமலைத் தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்ல, மே முதல் செப்டெம்பர் வரை இயந்திரப் படகொன்றை மாத வாடகைக்கு எடுத்தேன். ஒற்றைத் தாளில் வாடகையையும் காலத்தையும் மட்டும் எழுதிக் கையொப்பமிட்டோம். இரண்டாம் வாரமே இயந்திரம் நின்றது. படகு 11 நாள் கரையில் கிடந்தது. பிறகு கடல் கொந்தளித்து 6 நாள் போனது. உரிமையாளர் முழு வாடகையும் கேட்கிறார். தாளில் இல்லாததை நீதிமன்றம் சேர்த்து வாசிக்குமா? (வாசகர், நிலாவெளி)

பதில்: இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள். வலுவான வழக்கையும் பலவீனமான வழக்கு இழுத்து விழுத்திவிடும்.

இயந்திரம் நின்ற 11 நாளில் உங்கள் பக்கம் பலமானது. நம் இலங்கை ஒப்பந்தச் சட்டத்தின் வேர், ஒல்லாந்தர் காலத்தில் இங்கு வந்த ரோமன் டச்சுச் சட்டம். அதன்படி, வாடகைக்கு விடுபவர் பொருளை உரிய பயன்பாட்டுக்கு ஏற்ற நிலையில் கொடுக்கவும், அதே நிலையில் வைத்திருக்கவும் கடமைப்பட்டவர். மாற்றி எழுதிக்கொள்ளாதவரை இது எழுதாமலே ஒப்பந்தத்தில் சேரும். ஆனால் பழுது உங்கள் கவனயீனத்தால் வந்ததா என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார். கழற்றிப் பார்த்த மெக்கானிக்கிடம் காரணத்தை எழுதி வாங்கி வையுங்கள்.

கடல் மறித்த 6 நாள்தான் சிக்கல். தாளில் எழுதாத நியதியை (நிபந்தனையை) சேர்த்து வாசிக்கலாமா என்று பார்க்க, ஆங்கில வழக்குகளில் இரண்டு உரைகற்கள் உண்டு. 1889இல் தீர்ந்த மூர்கொக் வழக்கில், தேம்ஸ் நதியின் இறங்குதுறையில் கட்டியிருந்த கப்பல், நீர் வற்றியபோது ஆற்றடிக் கட்டாந்தரையில் அமர்ந்து சேதமானது. வற்றும்போது கப்பல் தரைதட்டும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஆகவே ஆற்றடி பாதுகாப்பானதா என்று துறைக்காரர் நியாயமான கவனத்துடன் பார்த்திருக்க வேண்டும் என்ற நியதியை நீதிமன்றம் சேர்த்து வாசித்தது. அது இல்லையென்றால் அந்த ஒப்பந்தத்தால் எவருக்கும் பயனில்லை. இன்னொன்று, 1939இல் நீதிபதி மக்கினன் சொன்னது: பேரத்தின்போது அருகில் நிற்கும் ஒருவன் மூக்கை நுழைத்து “இதையும் எழுதுங்களேன்” என்றால், இருவரும் எரிச்சலோடு “அது தெரிந்ததுதானே” என்றிருக்க வேண்டும்.

அந்த ஆளை உங்கள் கரையில் நிறுத்திப் பாருங்கள். “கடல் மறித்தால் வாடகை இல்லைதானே?” நீங்கள் தலையாட்டுவீர்கள். உரிமையாளரோ, “மாத வாடகை பேசினோமா, நாட்கூலி பேசினோமா?” என்பார். வாதம் அங்கேயே கவிழ்ந்துவிடும். நியாயமாகத் தோன்றுவது மட்டும் போதாது. 2015இல் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் என்ற பெரிய பிரித்தானிய வணிக நிறுவனமே, குத்தகையை இடையில் முடித்துக்கொண்டு, முன்கூட்டிச் செலுத்திய வாடகையில் மிகுதியை, குத்தகையில் அப்படி எழுதாதபோதும் திருப்பிக் கேட்டு, பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

ஆனாலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, எழுதியதை வாய்ப்பேச்சால் மாற்ற விடாது. ஆனால் தாள் மௌனமாக இருக்கும் விடயத்தில், அதற்கு முரண்படாத தனி வாய்மொழி உடன்பாட்டை நிரூபிக்கலாம்; தொழில் வழக்கத்தையும் காட்டலாம். கையொப்பமிட்ட அன்று கடலைப் பற்றி ஏதும் பேசினீர்களா? மற்றப் படகுக்காரர்கள் கொந்தளித்த நாளைக் கழித்தே கணக்குப் பார்க்கிறார்களா? ஆம் என்றால், அதைச் சொல்லக்கூடிய இரண்டு பேரை இப்போதே பிடித்து வையுங்கள். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் அவர்களைக் கரையில் காண முடியாது.